பக்கத்து வீட்டு விலையை நம்பி இறங்காதீர்கள்

"பக்கத்து வீடு 2016இல் போன விலையை இன்டெக்ஸ் (வீட்டு விலைக் குறியீடு) காட்டும் உயர்வால் பெருக்கினால் உங்கள் வீட்டு மதிப்பு வந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. இங்கிலாந்தில் சொத்துகளைப் பதிவு செய்யும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் விற்பனைப் பட்டியலில் 1995 முதல் விலை இருக்கிறது; வீட்டின் பரப்பளவு இல்லை. வரிசையின் ஓரவீடும் நடுவீடும் அதில் ஒரே 'டெரஸ்' (வரிசைவீடு) வகைதான். பின்னால் சமையலறையை நீட்டியிருக்கிறார்களா, கூரைக்கு அடியில் அறை எடுத்திருக்கிறார்களா என்பதும் தெரியாது. பரப்பளவுக்கு ஈபிசி (வீட்டின் ஆற்றல் திறன்) சான்றிதழைப் பாருங்கள், இலவசம். ஆனால் தேதியையும் பாருங்கள்: பத்து வருடம் செல்லும் என்பதால், நீட்டுவதற்கு முந்தைய அளவாகவும் இருக்கலாம். இன்டெக்ஸோ கவுன்சில் பகுதி முழுவதற்குமான சராசரி, உங்கள் தெருவுக்கானது அல்ல. அதே தெருவில் சமீபத்தில் விற்றவற்றைச் சதுர மீட்டர் கணக்கில் ஒப்பிடுங்கள். போன மாத விற்பனை பட்டியலில் இல்லையே என்று குழம்ப வேண்டாம், பதிவாகச் சில மாதங்கள்கூட ஆகும்.