எல்லாம் ஆன்லைன்தானே, அப்புறம் எதுக்கு பிரிண்ட் அவுட்?

பூவுக்குக் காத்திருக்கத் தெரியாது. இது தெரியாதவர்களா ஏற்றுமதி நடைமுறையை எழுதுகிறார்கள்?

போன வாரம் விடியுமுன்னே தோவாளைச் சந்தையில் பிச்சியும் மல்லியும் எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்காமார் நாலு பேர் உட்கார்ந்து சரம் கட்டித் தந்தார்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, டேப் ஒட்டி, வண்டியை விரட்டிக்கொண்டு விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். துபாய்க்குப் போக வேண்டிய சரக்கு. ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் ஏஜென்ட் டிஜிட்டல் கையெழுத்தோடு ஏற்கெனவே சுங்கத்துறையின் ஆன்லைன் சிஸ்டத்தில் ஏற்றிவிட்டார்.

சுங்கத்துறை கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். அப்புறம், "இரண்டு செட் பிரிண்ட் அவுட், சீல் போட்டுக் கொண்டு வாங்க" என்றார்.

"சார், அதான் சிஸ்டத்துல இருக்கே?"

"ஃபைலுக்கு வேணும்."

அந்த நேரத்தில் எந்த ஜெராக்ஸ் கடை திறந்திருக்கும்? அலைந்து திரிந்து எடுத்து வருவதற்குள் சரக்கு ஏற்றும் நேரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் ஐஸ் தண்ணீராகிக் கிடக்கிறது. கருக்கலில் மொட்டாக இருந்த மல்லி முழுக்க விரிந்து, ஓரமெல்லாம் பழுப்பேறி, கையில் எடுத்தால் ஒட்டுகிறது.

காகிதமே வேண்டாம் என்றுதானே, ஆவணங்களை ஆன்லைனில் ஏற்றும் இ-சஞ்சித் வசதியைச் சுங்கத்துறையில் கொண்டுவந்தீர்கள்? உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்க ஒப்பந்தம் 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதை 2016-லேயே ஏற்றுக்கொண்டது. அழுகும் சரக்கை முடிந்தவரை சீக்கிரம் விடுவிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரி எங்கள் பெட்டிக்குப் பொருந்தாதா?

சர்வருக்கும் சாஃப்ட்வேருக்கும் பணம் போடுகிறீர்கள், நல்லது, போடுங்கள். ஆனால் திரையில் பார்த்ததை நம்பி அனுமதிக்கலாம் என்று கவுண்டரில் இருப்பவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் என்ன செய்வது என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தைப் போக்க ஒரு தெளிவான உத்தரவு போதும். பூவும் மீனும் கொண்டு வருகிறவனுக்குத் தனி வரிசையும், பெட்டி காத்திருக்க ஒரு குளிர் அறையும் வேண்டும். அதற்கு மட்டும் ஏன் பணம் வருவதில்லை?

பெரிய கம்பெனிக்கு ஒரு விமானம் போனால் அடுத்த விமானம். எனக்கு அன்றைய முதல் முழுவதும் அந்தப் பெட்டிதான். சரம் கட்டிய அக்காமாருக்குக் கூலியைக் கடன் வாங்கித்தான் கொடுத்தேன்.