வீட்டு மொழியை வைத்து மட்டும் முடிவுகட்ட வேண்டாம்
வீட்டில் பேசும் மொழிதான் ஒருவரின் இனத்தைச் சொல்லும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மதுரையில் பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரன், குஜராத் பக்கமிருந்து தெற்கே வந்த நெசவாளர் சமூகத்தவன். வீட்டில் தண்ணீருக்கு ‘பானி’ என்போம், வாசலைத் தாண்டினால் தமிழ்தான். மனக்கணக்குப் போடுவதும் கோபத்தில் திட்டுவதும் எனக்குத் தமிழில்தான் வரும். சென்னையில் முதல் வேலையில் சேர்ந்தபோது, அம்மாவிடம் நான் போனில் பேசியதைக் கேட்ட மேலாளர், “வடநாட்டுக்காரரா? தமிழ் இவ்வளவு நல்லாப் பேசுறீங்களே!” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் நாயக்கர் காலத்திலிருந்து மதுரையில் தறி போட்டவர்களின் பிள்ளைக்கு அதைக் கேட்டு மனசு சுருங்கிப்போனது. சரி, பூர்வீகத்தைப் பார்ப்போம் என்று ஒருமுறை குஜராத்தில் உள்ள ராஜ்கோட் போனேன். கடைக்காரரிடம் எங்கள் மொழியில் பேசினால் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் அவருக்குப் பிடிபடவில்லை, “மதராஸியா?” என்று கேட்டார். எங்கள் பேச்சில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் அவ்வளவு ஊறியிருக்கின்றன. ‘வீட்டில் தமிழ் பேசாதவர் எப்படித் தமிழராவார்?’ என்று மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். டி.எம்.சௌந்தரராஜன் மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பாட்டில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் எப்படி விழுகிறது என்று அந்த நண்பர் ஒருமுறை காதுகொடுத்துக் கேட்கட்டும். போன வருடம் மகளின் பள்ளிப் படிவத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் ‘சௌராஷ்டிரா’ என்று எழுதினேன். அவள் பேனாவை வாங்கி, பக்கத்திலேயே ‘தமிழ்’ என்றும் சேர்த்தாள். நான் அதை அடிக்கவில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன்.