ரசீதில் இல்லாத இரண்டாயிரம்

ஜெர்மனியில் படிக்கும் மகளுக்கு 1,000 யூரோ அனுப்ப, கோத்தகிரியிலிருந்து கொட்டும் மழையில் குன்னூரில் உள்ள வங்கி வரை போனேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கேட்கும் ஏ2 படிவம், பான் அட்டை எல்லாம் கொடுத்தாயிற்று. கமிஷன், வெளிநாட்டு வங்கிக்குத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சரி, இவையாவது ரசீதில் இருக்கின்றன. சந்தை விலைக்கு மேல் யூரோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டி வைத்தார்களே, அதை எங்கே எழுதினார்கள்? மொத்தம் 2,000 ரூபாய்! போன வாரம் எங்கள் பசுந்தேயிலைக்குக் கிலோ 20 ரூபாய்தான் கிடைத்தது. மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, நூறு கிலோ கொழுந்து பறித்த காசு அது.

அப்புறம் மகள் போன் செய்தாள். வந்தது 982 யூரோவாம். பணம் போகும் வழியில் நடுவில் இருந்த இன்னொரு வங்கி தன் பங்கைப் பிடித்துக்கொண்டது. எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்க ஒரு வழி உண்டு. கவுன்டரில் அதை ஒருவரும் சொல்லவில்லை.