எந்தப் பாடவேளையில் என்று கேட்டது குற்றமா?

எங்கள் பள்ளியின் சனிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல எங்கள் பள்ளியில் திறந்த மாணவர் வழிகாட்டி மையத்தின் படத்தின் கீழே குவியும் பாராட்டுகளைப் பார்த்த பிறகு வாய் மூடி இருக்க முடியவில்லை. "நூற்றாண்டு கண்ட பள்ளியில் புதிய விடியல்" என்கிறார் ஒருவர். "மாற்றம் தொடங்கிவிட்டது" என்கிறார் இன்னொருவர். ரிப்பன் வெட்டும் படத்தில் ஓரமாக நிற்கிறாரே, அவர்தான் அந்த மையத்தின் பொறுப்பாசிரியை. அன்று அவர் கேட்ட ஒரே கேள்வியைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வரி எழுதவில்லை.

அவர் கேட்டது இவ்வளவுதான்: "எந்தப் பாடவேளையில் பிள்ளைகளைப் பார்ப்பது, மேடம்?"

தலைமை ஆசிரியையிடமிருந்து வந்த பதில்: "மனமிருந்தால் மார்க்கம் உண்டு, டீச்சர்." கைதட்டல். அடுத்து ஆண்டு விழா பற்றிப் பேசப் போய்விட்டார்கள். அந்தப் பெண் நோட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு வாரத்தில் 28 பாடவேளை. பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் அறிவியல் அவர்தான். மிச்சமிருக்கும் ஓய்வு வேளையில் விடுப்பில் இருப்பவர்களின் வகுப்புக்குப் போக வேண்டும், செய்முறை நோட்டு திருத்த வேண்டும், எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும். மதியம் சாப்பாட்டு வரிசை மேற்பார்வை. மாலையில் சிறப்பு வகுப்பு. அவரிடம் மனம் இல்லை என்று எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையும் சொல்லாது. அழுகையோடு வரும் பிள்ளை ஆசிரியர் அறையில் தேடுவது அவரைத்தான். மனம் இருக்கிறது என்று தெரிந்துதானே பொறுப்பைக் கொடுத்தீர்கள்? பிறகு அதே மனத்தைச் சபையில் சந்தேகப்படுவது என்ன நியாயம்?

வழிகாட்டுதலுக்கு வேண்டியது நேரம். அறை, பெயர்ப்பலகை, சுவரொட்டி எல்லாம் அப்புறம்.

இதைப் புதிய விடியல் என்பதும் சரியல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1952-53இலேயே பள்ளிகளில் வழிகாட்டுதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பின் 1964-66இல் கோத்தாரி கல்விக் குழு. வழிகாட்டுதல் கல்வியின் பிரிக்க முடியாத பகுதி, தடுமாறும் சில பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல, எல்லோருக்கும் உரியது என்று அது தெளிவாக எழுதியது. எல்லாப் பள்ளிக்கும் ஆலோசகர் கிடைக்கமாட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் குறைந்தபட்சம் பத்துப் பள்ளிகளுக்கு ஒருவராவது வந்துபோகட்டும் என்றார்கள். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று அளவு சொல்கிறது. எங்கள் பள்ளியில் 600 பேருக்கு மேல் படிக்கிறார்கள். முழுநேர ஆலோசகரை நான் கேட்கவில்லை. இருக்கும் ஆசிரியைக்கு வாரத்தில் நான்கு பாடவேளையை விடுவியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்களுடையது உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்போடு எங்கள் வாசல் முடிந்துவிடுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை, தேர்வு முடிவு வந்த சில வாரங்களுக்குள் பிளஸ் ஒன்னா, பாலிடெக்னிக்கா, ஐடிஐயா என்று முடிவு செய்ய வேண்டும். பிளஸ் ஒன் என்றால் எந்த குரூப்? கணிதம் இல்லாத குரூப்பை எடுத்தால் அதன் பிறகு பொறியியல் கனவு காண்பது கடினம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டும் பிள்ளை இதையெல்லாம் யாரிடம் கேட்கும்? இதைச் சுவரொட்டியில் அச்சடித்து ஒட்டிவிடலாம் என்கிறார்கள். ஒட்டுங்கள். ஆனால் பிள்ளையின் தயக்கம் எந்தச் சுவரொட்டியிலும் இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பெண், மேல்நிலைப் பள்ளி விண்ணப்பத்தை நிரப்ப என்னிடம் வந்தாள். எந்தப் பிரிவு என்ற கட்டத்தில் பென்சிலால் அறிவியல் என்று எழுதி, அழித்து, வணிகவியல் என்று எழுதி, மறுபடி அழித்து, அந்த இடத்தில் தாள் பஞ்சுபோல் ஆகிக் கிழிந்தே விட்டிருந்தது. கேட்டால் "எதுவானாலும் சரி டீச்சர்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. ஒன்பது பி எனக்காகக் காத்திருந்தது.

அப்போதிருந்த தலைமை ஆசிரியர் வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். அவளையும் என்னையும் பார்த்தார். "நீங்கள் பேசுங்கள் அம்மா, ஒன்பது பியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். கணக்கு ஆசிரியர் அவர். அன்று என் தமிழ் வகுப்பில் வல்லினம் மிகும் இடங்களை நடத்திவிட்டு வந்தார்.

அந்த ஒரு மணி நேரம் முடியும் தறுவாயில்தான் விஷயம் வெளியே வந்தது. அவளுக்கு வணிகவியலில் ஆசையும் இல்லை, அறிவியலில் பயமும் இல்லை. அறிவியல் பிரிவு இருக்கும் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அந்தப் பெயரைச் சொன்னால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம். மாணவர்களுக்கு இலவசப் பஸ் பாஸ் உண்டு, அதே வழியில் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லி, தலைமை ஆசிரியரே அவளுடைய அப்பாவை வரவழைத்துப் பேசினார். சேர்ந்தாள். பிறகு என்ன ஆனாள் என்பதை இங்கே எழுதமாட்டேன், அது அவள் சொல்ல வேண்டியது. அந்த ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்தது ஒரு தலைமை ஆசிரியர். எந்தச் சுற்றறிக்கையும் கொடுக்கவில்லை.

இதைப் படித்ததும் "அவர் மேசையில் பிரம்பு இருந்ததே" என்று கேட்க ஒருவர் வருவார். இருந்தது. அதை நான் ஒருபோதும் நியாயப்படுத்தியதில்லை. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது, நல்ல காரியம். ஆனால் ஒரு மனிதர் செய்த தவறுக்காக அவர் செய்த நல்லதையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டுமா?

"பணியிடங்கள் காலி, தலைமை ஆசிரியை என்ன செய்வார்?" என்று கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆள் பற்றாக்குறைக்கு நடுவே கால அட்டவணை போடுவது எவ்வளவு கொடுமை என்பது அதைப் போட்டவர்களுக்குத்தான் தெரியும். மேடம் உழைக்காதவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இரவு எட்டு மணிக்கும் அவர் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முடியாது என்றால் முடியாது என்று சொல்லலாமே. "இப்போது இரண்டு பாடவேளைதான் தர முடியும், அடுத்த பருவத்தில் பார்ப்போம்" என்றிருந்தால் நாங்களும் சேர்ந்து வழி தேடியிருப்போம். என் ஓய்வு வேளையில் ஒன்றைக் கொடுக்க நான் தயாராக இருந்தேன். கேட்கத்தான் ஆளில்லை.

"நீங்கள் மாற்றத்துக்கு எதிரி" என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கில்லை.

உண்மையில் என்னைச் சுடுவது அந்தப் பதில் மட்டுமல்ல. இந்த ஓராண்டில் எந்த மாற்றமும் எங்களைக் கேட்டு வரவில்லை. சுற்றறிக்கை வரும், பெயருக்கு நேரே கையெழுத்திடுவோம், அதோடு முடிந்தது. காலை வழிபாட்டு நேரத்தை மாற்றியது, நூலக வேளையை எடுத்துத் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுத்தது, எல்லாம் அப்படித்தான். நூலக வேளை போனபோது நான் எழுந்து கேட்டதற்குக் கிடைத்த பெயர் "பழைய ஆள்". அதைச் சொன்னவர் என்னிடமே பத்தாவது வரை தமிழ் படித்தவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேச்சே வரவில்லை எனக்கு.

பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். ஆசிரியர் சொல்வதைக் கேட்க யாருக்குப் பயிற்சி கொடுப்பது? சபையில் ஒரு கேள்வி கேட்டதற்குத் தலைகுனிந்து உட்கார வேண்டியிருந்த ஆசிரியை, திங்கட்கிழமை எந்தத் தெம்போடு ஒரு பிள்ளையிடம் "பயப்படாமல் சொல்" என்பார்? சொல்லத்தான் போகிறார். நல்லவர் அவர். அந்த நல்ல குணத்தை நம்பித்தானே இப்படி ஏற்றிவைக்கிறோம்.

இந்தப் பதிவை நீக்கச் சொல்லி இரண்டு நண்பர்கள் உள்பெட்டியில் அன்போடு கேட்டிருக்கிறார்கள். நீக்கமாட்டேன். பள்ளியின் பெயரையோ யாருடைய பெயரையோ நான் எழுதவில்லை. வாரம் நான்கு பாடவேளை கேட்டு மேடத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். யார் எந்த வகுப்பை எடுத்துக்கொண்டால் அந்த நான்கும் கிடைக்கும் என்று அட்டவணையும் போட்டு இணைத்திருக்கிறேன். அதில் இரண்டு வேளை என் பெயரில் இருக்கிறது. கையெழுத்திட விரும்பும் ஆசிரியர்கள் திங்கள் மதியம் தமிழ்த்துறை மேசைக்கு வாருங்கள்.