யோத் வேறு, ஆயின் வேறு

ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பில் நடந்தது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பாடம் நடத்திய அண்ணாச்சி, எருசலேம் என்றால் 'சமாதான நகரம்' என்றார். நான் சத்தம் போட்டதாகச் சொல்கிறார்கள். போடவில்லை. "அண்ணாச்சி, எருசலேம் என்ற பேருக்குச் சமாதான நகரம் என்பது நேர்ப்பொருள் இல்லை" என்று ஒரே ஒரு வரி சொன்னேன். "பொம்பளைக்கு எதுக்கும்மா எபிரேயம்?" என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது.

அன்றைக்கு முடிக்க விடாததை இங்கே முடிக்கிறேன்.

எரு என்றால் நகரம், சலேம் என்றால் சமாதானம். இதுதான் அவர் சொன்ன விளக்கம். எபிரேயத்தில் நகரத்துக்குச் சொல் 'ஈர்'. அது ஆயின் என்ற எழுத்தில் தொடங்கும். எருசலேமின் எபிரேயப் பெயரான யெருஷாலயிம் தொடங்குவது யோத் எழுத்தில். தமிழ்க் காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்கலாம். எபிரேயத்தில் அவை வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஒலி.

இதைத் தெரிந்துகொள்ள எபிரேயம் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நம் தமிழ் வேதாகமத்தில் 119-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். எட்டு எட்டு வசனத்துக்கு ஒரு தலைப்பு இருக்கும்: ஆலெப், பேத், கிமெல். எபிரேய எழுத்து 22, வசனம் 176. மெஞ்ஞானபுரத்தில் ஆச்சி வீட்டில் கோடை விடுமுறை என்றால் எனக்கு இந்தச் சங்கீதம்தான். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து ஒப்பிக்க வேண்டும், அப்புறம்தான் பதநீர். யோத் 73-ஆம் வசனத்தில், ஆயின் 121-ஆம் வசனத்தில். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட ஆச்சி, எழுத்துத் தலைப்பைச் சொல்லாமல் வசனத்துக்குப் போனால் விடமாட்டாள். "அதுவும் வேதம்தாம்ட்டீ" என்பாள். பிற்பாடு நான் ஓய்வு பெற்ற ஒரு போதகரிடம் இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் எபிரேயம் கற்கப் போனதற்கு அந்த 22 தலைப்புகள்தான் காரணம். பொம்பளைக்கு எதுக்கு எபிரேயம் என்று கேட்டவருக்கு இதுதான் பதில். என் ஆச்சி தொடங்கி வைத்தாள்.

சரி, பெயருக்கு வருகிறேன். அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்பது இது: முதல் பாதி 'யாரா' என்ற வினையோடு சேர்ந்தது. அஸ்திவாரம் இடுதல், நிறுவுதல் என்று பொருள். யோபு 38:6-இல் கோடிக்கல்லை வைத்தவர் யார் என்று வருகிறதே, அங்கே மூலத்தில் இருப்பது அந்த வினைதான். இரண்டாம் பாதி ஷாலேம், இஸ்ரவேலருக்கு முன் அந்த நாட்டில் இருந்த கானானியரின் அந்திப்பொழுதுத் தெய்வம். சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில், பழைய உகாரித் நகரம் இருந்த இடத்தில், கிடைத்த களிமண் பலகைகளில் விடியலும் அந்தியுமாக ஷஹர், ஷாலிம் என்று இரண்டு தெய்வங்கள் வருகிறார்கள். ஆக, ஷாலேம் நிறுவிய இடம். அல்லது ஷாலேமுக்காக நிறுவியது.

இதைச் சொன்னால் விசுவாசம் போய்விடுமா? தாவீது அந்த ஊரை அங்கே முன்பு குடியிருந்த எபூசியரிடமிருந்து பிடித்தான் என்று வேதமே சொல்கிறது. அதற்குச் சில நூறு வருடம் முன்பே, கி.மு. 14-ஆம் நூற்றாண்டில், எகிப்திய அரசனுக்கு அங்கிருந்து கடிதம் போயிருக்கிறது. 1887-இல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த பலகைகளில் ஊர்ப் பெயர் உருசலிம், ஆள்பவன் பெயர் அப்தி-ஹெபா. இஸ்ரவேலர் வைத்த பெயரே இல்லை அது. வேறு ஜனம் வைத்த பெயரில் வேறு தெய்வம் இருப்பதில் என்ன அதிர்ச்சி?

'உரு' என்று இருக்கிறதே, அது நம்ம 'ஊர்'தானே என்று இன்னொரு பக்கம் ஒரு தம்பி கிளம்பியிருக்கிறார். தம்பி, அது அக்காதியம் என்ற பழைய மெசொப்பொத்தாமிய மொழியில் எழுதியவர்களின் எழுத்துமுறை. ஊர் என்பது நல்ல தமிழ்ச் சொல், அதற்கு எருசலேமின் சாட்சி வேண்டியதில்லை.

ஷாலேமும், சமாதானத்துக்கு எபிரேயச் சொல்லான ஷாலோமும் ஒரே வேரில் வந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் மறுக்கவில்லை, சொல்ல விட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். சாலேமின் ராஜா என்றால் சமாதானத்தின் ராஜா என்று எபிரெயர் 7:2 சொல்வதும் எனக்குத் தெரியும். 122-ஆம் சங்கீதம் அந்த ஒலியை வைத்தே பாடுகிறது: ஷஆலூ ஷெலோம் யெருஷாலயிம். எபிரேயத்தில் வாய்விட்டுப் படித்தால் உடம்பு சிலிர்க்கும். எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறான் பாட்டுக்காரன். பெயரிலேயே சமாதானம் வந்து உட்கார்ந்துவிட்டதென்றால் எதற்கு வேண்டச் சொல்கிறான்? கி.மு. 586-இல் பாபிலோனியர் எரித்த ஊர், கி.பி. 70-இல் ரோமர் இடித்த ஊர். பிறகு ரோமப் பேரரசன் ஹாத்ரியன் அந்தப் பெயரையே எடுத்துவிட்டு ஏலியா கப்பித்தோலினா என்று வைத்தான். இன்றைக்கும் அங்கே பிள்ளைகள் சாகிறார்கள். அந்த ஊரைப் பற்றி இவ்வளவு சுலபமாகச் 'சமாதான நகரம்' என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுந்து நின்றேன். படித்ததைக் காட்டிக்கொள்ள இல்லை.

சிரித்தவர்களில் என்னோடு பாடகர் குழுவில் இருபது வருடமாக நிற்பவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் முடியவில்லை.

வருகிற ஞாயிறும் வருவேன். அதே பெஞ்சில்தான் உட்காருவேன். ஆச்சியின் வேதாகமத்தை 119-இல் திறந்து வைத்திருப்பேன். அண்ணாச்சி வந்து யோத்தையும் ஆயினையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கட்டும்.