கண்ணாடி ஜாடியில் அடைத்த அழுகை

2014-ல் வந்த ஓர் அயர்லாந்து கார்ட்டூன் படத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்டால், ஆமாம், எழுதியே ஆக வேண்டும். பெயர் 'சாங் ஆஃப் தி சீ'. எனக்குத் தெரிந்த வட்டத்தில் சினிமாவைக் கரைத்துக் குடித்தவர்கள் நிறையப் பேர் உண்டு, ஜப்பான் அனிமேஷன் படங்களை வருஷ வாரியாக ஒப்பிக்கிறவர்களும் உண்டு. கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு தோழியைத் தவிர யாரும் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவளும் முழுசாகப் பார்க்கவில்லை. "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரொம்ப சோகம், பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு பாதியில நிறுத்திட்டேன்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், முடிவை மட்டும் சொல்ல மாட்டேன். 1980களின் அயர்லாந்து. ஒரு சின்னத் தீவு, அதன் மேல் ஒரு கலங்கரை விளக்கம். அங்கே கோனர் என்கிற அப்பா, பென் என்கிற பையன், அவனுடைய தங்கை சீர்ஷா, கூ என்று ஒரு பெரிய சடை நாய். தங்கைக்கு ஆறு வயது ஆகப்போகிறது, இன்னும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பிறந்த இரவில்தான் அம்மா ப்ரோனா காணாமல் போனாள். பென்னுக்கு அது போதும். அம்மா போனதற்குக் காரணம் இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டான். அவளைச் சீண்டுகிறான், பயமுறுத்துகிறான், ஒட்ட விடமாட்டேன் என்கிறான். அப்பா தடுப்பதில்லை, ஏனென்றால் அப்பா அங்கே இருந்தும் இல்லாத மாதிரிதான், பாதி உயிர் கடலோடு போய்விட்டது.

அம்மா ஒரு செல்கி. அயர்லாந்து, ஸ்காட்லாந்து கடற்கரைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை இது. செல்கி என்றால் கடலில் இருக்கும்போது கடல்நாய், அதாவது சீல். கரையேறித் தோலைக் கழற்றி வைத்தால் மனுஷி. தோலை யாராவது ஒளித்துவைத்துவிட்டால் கடலுக்குத் திரும்ப முடியாது. சீர்ஷாவும் அந்த வகைதான். அப்பா பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் வெள்ளைக் கோட்டை அவள் ஒரு ராத்திரி கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு கடலில் இறங்குகிறாள். மறுநாள் ஈரத்தோடு கரையில் கிடக்கிறவளைப் பார்த்துப் பதறிப்போன பாட்டி, இந்தத் தீவில் பிள்ளைகளை வளர்க்க முடியாது என்று இரண்டு பேரையும் காரில் ஏற்றி டப்ளினுக்குக் கொண்டுபோய்விடுகிறாள். நாயைத் தீவிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பென் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் ஒரு தாளில் மேப் வரைந்துகொண்டே வருகிறான், திரும்பி வருவதற்கு. அந்த மேப் படத்தில் வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். பெரியவர்கள் ஒரு முடிவு எடுத்து வண்டியில் ஏற்றிவிட்டால் ஒரு பையனால் அதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

அப்புறம் அந்த மாகா. ஆந்தைச் சூனியக்காரி. படத்தின் உயிர் அவளிடம்தான் இருக்கிறது. பென்னின் அம்மா அவனுக்குச் சொன்ன பழங்கதை ஒன்று உண்டு. மக் லிர் என்கிற ராட்சசனுக்குப் பெரிய துக்கம் ஒன்று நேர்கிறது, அவன் அழுகிற அழுகையில் உலகமே மூழ்கிவிடும்போல் ஆகிறது. அவனுடைய அம்மாதான் மாகா. மகன் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் அவனுடைய உணர்ச்சிகளை எல்லாம் உருவி எடுத்துவிடுகிறாள், அவன் கல்லாகிவிடுகிறான். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே கடலில் படுத்திருக்கிற பாறைத்தீவு அவன்தான். இது கதை. ஆனால் பென் உண்மையிலேயே அவள் வீட்டுக்குள் போகும்போது அங்கே கோரைப்பல்லும் கத்தியுமாக யாரும் இல்லை. குண்டாக, வயதான, வாஞ்சையாகப் பேசுகிற ஒரு பாட்டி இருக்கிறாள். அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் யாருடையதோ துக்கம், யாருடையதோ கோபம் சுழன்றுகொண்டிருக்கிறது. தனக்கே கோபம் வந்தாலும் அதையும் ஒரு ஜாடியில் விட்டு மூடிவிட்டு, மறுபடி சிரித்த முகமாகிவிடுகிறாள். அவள் உடம்பே பாதி கல்லாகிவிட்டிருக்கிறது, அது அவளுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வலி இல்லையே, அதுதானே வேண்டும் என்கிற மாதிரி இருக்கிறாள். உனக்கும் வலிக்க வேண்டாம் கண்ணா என்று பென்னிடம் அவள் கேட்கிற தொனியில் ஒரு துளிக் கெட்ட எண்ணம் கிடையாது.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா தவறியபோது மகனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பை வைக்கிற இடம் தாத்தாவின் கட்டில்தான், அவ்வளவு ஒட்டுதல். விடியற்காலை போன் வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் எடுத்த முதல் முடிவு, பையனை இரண்டு தெரு தள்ளி இருக்கிற நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது. "பச்சப்புள்ள, பாத்தா பயந்துடுவான், ராத்திரி தூக்கத்துல பினாத்துவான்" என்றார் பெரியம்மா. நானும் சரி என்றேன். எல்லாக் காரியமும் முடிந்து வீடு கழுவிவிட்ட பிறகுதான் அவனை அழைத்துவந்தோம். தாத்தா சாமிகிட்ட போயிட்டார் என்று ஒரு வரி சொன்னோம். அவன் ஒன்றும் கேட்கவில்லை. மடக்கிவைத்த கட்டிலைப் பார்த்துவிட்டுப் பையை வேறு இடத்தில் வைத்தான். பரவாயில்லை, சமத்தா ஏத்துக்கிட்டான் என்று எல்லோருக்கும் நிம்மதி.

பத்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் படத்தைப் போட்டேன். மாகா வீட்டு ஜாடிகள் வரும்போது படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு பாத்ரூம் போனான், ரொம்ப நேரம் வரவில்லை. வந்தான், மீதியைப் பேசாமல் பார்த்தான். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்டான், "அம்மா, தாத்தாவை எரிச்சாங்களா, புதைச்சாங்களா?" எரித்தோம் என்றேன். "கண்ணாடி போட்டிருந்தாரா?" இல்லடா, கழற்றி எடுத்துட்டோம், என் பீரோவுலதான் இருக்கு என்றேன். காட்டச் சொன்னான். விளக்கைப் போட்டு எடுத்து வந்தேன். ஒரு பக்கக் காம்பு உடைந்து அப்பா வெள்ளை நூல் சுற்றி வைத்திருப்பார், அது அப்படியே அழுக்கேறி இருந்தது. அந்த நூலைத் தடவிப் பார்த்தான், அப்புறம் அழ ஆரம்பித்தான். அன்றைக்கு என்னவெல்லாம் நடந்தது, யார் யார் வந்தார்கள், தாத்தாவுக்கு என்ன சட்டை போட்டோம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். இரண்டு பேரும் தூங்கும்போது மணி ஒன்று இருக்கும்.

என் பெரியம்மா கெட்டவர் இல்லை. அவர் செய்தது முழுக்கப் பாசம். மாகா செய்ததும் பாசம்தான். அதைத்தான் இந்தப் படம் எவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறது என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோகிறேன். குழந்தைகள் படத்தில் வில்லன் என்றால் ராஜ்ஜியம் வேண்டும், சக்தி வேண்டும் என்று அலைவான். இங்கே வில்லி என்று ஒருத்தி இருந்தால் அவளுக்கு வேண்டியது தன் பிள்ளை அழக்கூடாது, அவ்வளவுதான். இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. டப்ளின் பாட்டிக்கும் மாகாவுக்கும் குரல் கொடுத்தது ஒரே நடிகை, ஃபியோனுலா ஃப்ளானகன். துக்கத்தில் உறைந்த அப்பாவுக்கும் கல்லான மக் லிருக்கும் ஒரே குரல், பிரெண்டன் க்ளீசன். முகத்தையும் ஒன்றுபோலவே வரைந்திருக்கிறார்கள். யாரும் எழுந்து நின்று 'உன் வீட்டுக் கதைதான் அந்தப் புராணக் கதை' என்று விளக்குவதில்லை. என் மகன் தானாகவே கண்டுபிடித்தான். "அம்மா, அந்தப் பாட்டிதான இந்தப் பாட்டி?"

இயக்குநர் டாம் மூர். கில்கென்னி என்கிற ஊரில் 1999-ல் நோரா ட்வோமி, பால் யங் முதலானவர்களோடு சேர்ந்து கார்ட்டூன் சலூன் என்ற ஸ்டூடியோவை ஆரம்பித்தவர். இந்தப் படத்தின் விதை எங்கிருந்து வந்தது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் டிங்கிள் பக்கம் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருக்கிறார். கடற்கரையில் கடல்நாய்கள் செத்துக் கிடந்ததை அவருடைய சின்னப் பையன் பார்த்துவிட்டான். மீன் குறைந்துபோனதற்கு அதுகள்தான் காரணம் என்று மீனவர்கள் கொன்று போட்டிருக்கிறார்கள். முன்னாடியெல்லாம் இப்படி நடந்திருக்காது என்றாராம் அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர். கடலில் போனவர்களின் உயிர் அதில் இருக்கலாம், அது செல்கியாக இருக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தவரை கை ஓங்க யாருக்கும் மனசு வராது. கதை மறந்தது, கை ஓங்கிவிட்டது. மூர் இதைப் பிரசங்கமாக்காமல் ஒரு தாத்தாவாக வரைந்துவிட்டார். படத்தில் ஷானஹி என்று ஒருவர் வருவார், ஐரிஷ் மொழியில் கதைசொல்லி என்று அர்த்தம். தரையெல்லாம் புரளுகிற நீளத்துக்கு முடி, ஒவ்வொரு மயிரிழையிலும் ஒரு கதை. முடி கொட்டக் கொட்டக் கதை மறந்துபோகிறது அவருக்கு. அதில் ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் பென், அம்மா போன இரவில் உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பார்க்கிறான். தங்கையைத் திரும்பிப் பார்க்கிற பார்வை அன்றோடு மாறிவிடுகிறது. ஆறு வருஷம் ஒரு குழந்தைமேல் சுமத்திய பழி.

படம் முழுக்கக் கையால் வரைந்தது. பின்னணி எல்லாம் வாட்டர்கலர், தாளில் வண்ணம் ஊறி ஓரம் கட்டி நிற்பதுகூடத் தெரியும். பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட காலத்தில் இப்படி ஒன்று. தீவு, கடல், தேவதைகள் வருகிற இடமெல்லாம் வட்டமும் சுருளுமாக இருக்கும், பழைய கற்களில் செதுக்கியிருக்கிற சுருள்கள் மாதிரி. டப்ளின் வந்ததும் கோடெல்லாம் நேர்கோடு, நிறமெல்லாம் சாம்பல். சீர்ஷா முதல்முதலாகக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடல்நாய்களோடு நீந்துகிற காட்சியில் வசனமே கிடையாது. ஒரு சின்ன வெள்ளைக் கடல்நாய், சுற்றிலும் பெரிய பெரிய கண்களோடு மற்றதுகள், மேலே புரூனோ கூலேயும் கீலா என்கிற ஐரிஷ் இசைக்குழுவும் சேர்ந்து போட்ட இசை. என் மகன் அந்த இடத்தில் தரையில் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட்டான்.

2015 ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான பட்டியலில் இது இருந்தது. அதே பட்டியலில் ஜப்பானின் 'தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் ககுயா'வும் இருந்தது, அதுவும் கையால் வரைந்த அற்புதம்தான், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். விருது டிஸ்னியின் 'பிக் ஹீரோ 6'க்குப் போனது. அது மோசமான படம் இல்லை, என் மகனுக்கு அந்த ரோபோவை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதற்கு உலகம் முழுக்கத் தியேட்டர், பொம்மை, டிபன் பாக்ஸ், ஸ்டிக்கர் எல்லாம் கிடைத்தது. இந்தப் படத்துக்கு அந்த வருஷம் ஐரோப்பாவின் சிறந்த அனிமேஷன் படம் என்கிற விருது கிடைத்தது, நம் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. குழந்தைகள் படம் என்று பெரியவர்கள் ஒதுக்கிவிட்டார்கள், சோகப் படம் என்று குழந்தைகளிடமிருந்தும் ஒதுக்கிவிட்டார்கள். அப்படியென்றால் இதை யார்தான் பார்ப்பது?

சோகம் என்கிற வார்த்தையைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இதில் சிரிக்க இடம் நிறைய இருக்கிறது. நாய் கூ செய்கிற அட்டகாசம் இருக்கிறது, பாட்டுப் பாடுகிற மூன்று குள்ளத் தேவதைகள் இருக்கிறார்கள், முப்பரிமாணக் கண்ணாடியும் போர்வைத் துணியில் சூப்பர்மேன் மாதிரி ஒரு கேப்பும் மாட்டிக்கொண்டு திரிகிற பென் இருக்கிறான். தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடக்கிற பையன், கடைசியில் யாருக்காக அந்தக் கடலில் குதிக்கிறான் என்பதைப் பார்க்கும்போது என் மகன் சோபாமேல் ஏறி நின்று கத்தினான்.

பார்க்கப்போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். ஒன்றரை மணி நேரப் படம்தான். போனில் பார்க்காதீர்கள், பெரிய திரையில், நல்ல ஸ்பீக்கரில் பாருங்கள், இசைக்காகவாவது. நாலைந்து வயதுக் குழந்தை என்றால் ஆந்தைகள் வருகிற இடத்தில் மிரளலாம், மடியில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். பிள்ளை நடுவில் எழுந்து போனால் போகட்டும், தானாக வரும். அழுதால் படத்தை நிறுத்த வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்.

அப்புறம், தோழிக்கு. எந்த இடத்தில் நிறுத்தினாய் என்று கேட்டேன், ஒரு பாட்டி வீட்டு மாடிப்படியில் பையன் ஏறுகிற இடம் என்றாய். ஜாடி ஒன்றுகூட இன்னும் நீ பார்க்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா, இட்லிக்கு மாவு இருக்கிறது. முதலிலிருந்தே போடுகிறேன்.