நாய்கள் காணாமற்போகும் காதல் கதை

நாய்கள் பனியில் வண்டியை இழுத்தோடும் நெடும் பந்தயமான அலாஸ்காவின் இடிடாரோட்டைக் களமாகக் கொண்ட சாகசக் காதல் நாவல் ஒன்றைச் சென்ற வாரம் வாசித்து முடித்தேன். பந்தயத்தில் போட்டியிடும் ஓர் ஆணும் பெண்ணும் பனிப்புயலுக்கு அஞ்சி ஒரே மரக்குடிசையில் ஒதுங்குகிறார்கள். அங்கே காதல் அரும்புகிறது. உரையாடல்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்த அத்தியாயம் முழுவதும் என் மனம் குடிசைக்கு வெளியேதான் நின்றது. அவள் ஓட்டிவந்த 14 நாய்களும் சாப்பிட்டனவா, அவை படுக்க வைக்கோல் விரித்தார்களா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இதைச் சிறு குறை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தங்குமிடத்தை அடைந்த ஓட்டுநருக்கு உறக்கம் கடைசியாகத்தான் வரும். நாய்களுக்கு வைக்கோல் விரித்து, பாத உறைகளைக் கழற்றி, பனியை உருக்கித் தண்ணீராக்கி, இறைச்சியும் கொழுப்பும் கலந்து சூடாக உணவு கொடுத்து, ஒவ்வொரு பாதத்தையும் விரலிடுக்கு வரை விரித்துப் பார்த்துக் களிம்பு தடவிய பிறகே அவர் தலை சாய்க்கலாம். மறுபடி புறப்படும்போது 14 நாய்களுக்கு 56 உறைகள் மாட்ட வேண்டும். தடித்த கையுறையோடு உறையை இறுக்கும் சிறிய ஒட்டுப்பட்டையைப் பிடித்து ஒட்டுவது கடினம் என்பதால், உறைய வைக்கும் குளிரிலும் விரல்களை வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும். பட்டையை அதிகம் இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். தளரவிட்டால் உறை வழியில் கழன்றுவிடும். அவன் தன் நாயின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தியிருக்கும் விதத்தை அவள் கவனிப்பதாக ஒரு பக்கம் எழுதியிருந்தால், அவன் எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்ல நீண்ட வருணனை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

பந்தய விதிகளே கதைக்கான முடிச்சுகளைக் கொடுக்கின்றன. ஒவ்வொருவரும் வழியில் ஓரிடத்தில் 24 மணி நேரம் கட்டாயமாகத் தங்க வேண்டும். எந்த இடம் என்பதைப் பெரும்பாலும் அவரே தீர்மானிக்கலாம். இருவரும் வெவ்வேறு ஊர்களைத் தேர்ந்தெடுத்தால் ஒரு முழு நாள் பிரிவு தானாக வந்துவிடுகிறது. ஆபத்தில் சிக்கிய போட்டியாளருக்கு இன்னொருவர் உதவுவதையும் விதி தடுப்பதில்லை. நின்று உதவுகிறவர் இழப்பது தம் நேரத்தைத்தான். இவ்வளவும் கையில் இருக்க, இந்த நாவலாசிரியர் ஒரு வில்லனைக் கொண்டுவந்து வண்டியின் கயிற்றை அறுக்க வைத்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

உண்மை வரலாறு இதைவிட வலுவானது. 1985இல் மற்றவர்கள் புயல் தணியக் காத்திருந்தபோது, லிபி ரிடில்ஸ் ஷக்டூலிக் என்ற ஊரிலிருந்து தனியாகப் புறப்பட்டு, உறைந்த நார்ட்டன் வளைகுடாவில் வண்டிக்குள்ளேயே இரவைக் கழித்து, இடிடாரோட் பந்தயத்தில் வென்ற முதல் பெண்ணானார். அதே ஆண்டு சூசன் புட்சரின் நாய்களை மூஸ் எனப்படும் காட்டுமான் தாக்கி இரண்டைக் கொன்றதால் அவர் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. அவர் மறு ஆண்டே திரும்பி வந்து வென்றார். மொத்தம் நான்கு முறை வென்றார். அவருடைய கணவர் டேவிட் மான்சனும் நாய்வண்டி ஓட்டுநரே. 1988இல் கணவர் யூகான் குவெஸ்ட் என்ற மற்றொரு நெடும் பந்தயத்தில் வெல்ல, அடுத்த மாதமே மனைவி இடிடாரோட்டில் வென்றார். ஒருவர் பனியில் இருக்கும்போது மற்றவர் எதை எண்ணிக் காத்திருந்திருப்பார் என்பதை எழுத ஒரு நாவல் போதாது.

நாவல் நாயகி முதலாவதாக வருவதோடு முடிந்துவிட்டது. ஆனால் பந்தயம் முடியும் நோம் நகரில், தொடக்க நாளில் ஏற்றிய விளக்கு ஒன்று, வழியில் ஒரே ஒரு வண்டி மீதமிருந்தாலும் எரிந்துகொண்டே இருக்கும். கடைசியாக வந்து சேர்கிறவர்தான் அதை அணைப்பார். கதையில் அவன் தன் நொண்டும் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருக்கிறான் என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். அந்த விளக்கின் அடியில் அவள் காத்து நிற்பதைப் படிக்கத்தான் நான் கடைசிப் பக்கம் வரை வந்தேன்.